காடு என்று எழுதிய காணி

ஒக்ரோபர் 21, திங்கள்

மழைக்குணம். பெய்யவில்லை. இந்தக் கிழமை நடப்பதை உள்ளபடி எழுதப்போகிறேன், கூட்டாமல், குறைக்காமல். தமிழ் ரீச்சரின் புதுப் பாடமும் அதுதான்: குற்றம், தண்டனை பற்றிய செய்திகளை வாசிப்பது, பிறகு நாங்களே அறிக்கை எழுதுவது. கரும்பலகையில்:

– கண்டது, கேட்டது, ஊகித்தது கலக்கக் கூடாது.
– ஒவ்வொரு வசனத்துக்கும் "ஆர் சொன்னது?"
– நீதிமன்றத்தில் சொன்னது மேலான ஆதாரம்.

எனக்கு நல்ல விருப்பமான பாடம், பத்திரிகைத் துண்டு வரும்வரை. நானும் ஷிபானாவும் இருக்கும் வாங்குக்குக் கிடைத்தது: "காட்டினுள் சட்டவிரோதமாக முதிரை மரம் தறித்தவர் கைது." பெயர் இல்லை. ஊர் எங்கள் ஊர், வயது அப்பாவின் வயது.

ஷிபானா காதுக்குள், "உங்கட அப்பாவெல்லோ? வேற துண்டு மாத்தி எடுக்கட்டா?"

வேண்டாம் என்றேன். அப்பா வவுனியா மறியல் சிறையில். ரீச்சர் மாற்றலாகி வந்தவா, அவாவுக்குத் தெரியாது.

கை உயர்த்தினேன். "காடு எண்டு ஆர் சொன்னது ரீச்சர்?"

"பொலிஸ். கடைசி வரியைப் பாரும்."

"அது ஒராளின்ர காணியா இருந்தா?"

"காணியெண்டா உறுதிப் பத்திரம் இருக்குமே. இருக்கோ?"

பின் வாங்கில் இருந்த ஒருத்தி, "லோயரம்மா வந்திட்டா." வகுப்பே சிரித்தது. வாங்கில் இருந்துவிட்டேன்.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

விடிய மழை. வாசலில் கதவுக்குப் பதில் தொங்கும் சீலை தொப்பலாக நனைந்தது. கதவு நிலைக்குத்தான் அப்பா அந்த மரத்தைத் தறித்தார்.

"அம்மா, உறுதி எங்க?"

"சண்டைக்கு இடம்பெயரேக்க பெட்டியோட துலைஞ்சு போட்டுது. இப்ப என்னத்துக்கு?"

"அந்த முதிரை?"

"கிணத்தடிக்கு நிழலெண்டு அப்பாதான் விட்டுவச்சவர். கிணறும் அவர் வெட்டினது, கலியாணம் முடிச்ச வருசம்."

சண்டை முடிந்து அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தபோது காணிக்கு வேலி இல்லை. வனத்துறையின் எல்லைக்கல் இருந்தது.

பள்ளி விட்டு ஷிபானாவும் நானும் சைக்கிளில் காணிக்குப் போனோம். கண்டது: எல்லைக்கல்லுக்கு உள்ளே கிணறு. பாசி. கட்டுச் சீமெந்தில் விரலால் எழுதிய இரண்டு எழுத்து, அப்பாவின் பெயரினதும் அம்மாவின் பெயரினதும் முதலெழுத்து.

"காட்டுக்குள்ள கிணறு ஆர் வெட்டியிருப்பினம்?" என்றேன்.

ஷிபானா, "கரடி." பிறகு, "கையெழுத்தும் போட்டிருக்கு."

அப்பாவைக் கொண்டுபோன பிறகு இன்றுதான் சிரித்தேன்.

ஒக்ரோபர் 23, புதன்

பேனை ஒழுகி வெள்ளைச் சட்டையில் நீலம். அறிக்கையை ரீச்சரிடம் காட்டினேன். கிணற்றுப் பகுதியில் நிமிர்ந்து பார்த்தா.

"இது ஆர்?"

"அப்பா."

"லோயருக்குச் சொன்னனீங்களோ? வடிவாச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை முடிச்சுத் தாரும்." 'நீர்' என்று பேசுகிறவா, இடையில் 'நீங்கள்' என்று மாறிவிட்டா.

அம்மா லோயருக்குப் போன் எடுத்தா. நாளைக்கு வழக்கு.

ஒக்ரோபர் 24, வியாழன்

வெயில். அப்பா பின்னேர பஸ்ஸில் அம்மாவோடு வந்தார். மெலிவு. தாடி. சோறு, பருப்பு, முருங்கையிலை. பாதிதான் சாப்பிட்டார்.

அம்மாவிடம் கேட்டது: லோயர் சொன்னாராம், "கிணத்துக் கதையைச் சொல்லலாம், ஆனா வழக்கு இழுபடும், அதுவரைக்கும் ஆள் உள்ளுக்கை. காட்டில வெட்டினனான் எண்டு ஒத்துக்கொண்டா தண்டத்தோட இண்டைக்கே வீட்ட." அப்பா கூண்டில் நின்று ஒரு "ஓம்" சொன்னாராம். அவ்வளவுதான்.

"அப்ப எங்கட காணி?"

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனா.

காடு என்று முந்தி பொலிஸ் சொன்னது. இப்போது அப்பாவே சொல்லியிருக்கிறார், நீதிமன்றத்தில்.

அப்பா பக்கத்தில் வந்து இருந்தார். "என்ன பிள்ளை எழுதிறாய்?" அறிக்கையை வாசித்துக் காட்டச் சொன்னார். எழுத்துகள் வரும் இடத்தில் தன் விரலைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கிறாய். கிணத்தை மட்டும் எடுத்துவிடு."

"அது நான் கண்டது அப்பா."

"ஓம். ஆனா நான் அங்க ஒண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நீ இஞ்ச வேற எழுதினா, பிள்ளை, நான் பொய்யன் எல்லே."

இன்னும் எடுக்கவில்லை. கிணறு கண்டது. ஓம் கேட்டது. வெட்டிய மரம் பொலிஸில், வாசலில் சீலைதான். நாளைக்கு ரீச்சர் கேட்டால்

அப்பா லைற்றை அணைத்துவிட்டார்.