கழுவி வந்த கெராங்

செவ்வாய்க்கிழமை. மழை.

நிபோங் திபால் பக்கம் கெராங் சிப்பி வளர்க்கும் சேகர் அண்ணன், காலையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நச்சுச் சோதனைக்குச் சிப்பி கொண்டுவந்தார். சோதனையில் தேறினால்தான் விற்க முடியும். அவர் சிப்பி எப்போதும் சேற்றோடுதான் வரும். இன்று பளபளவென்று இருந்தது.

"கழுவிட்டீங்களா அண்ணே?"

"உனக்கு வேலை மிச்சம் லா, தங்கச்சி."

அரைத்துச் சாறெடுத்து மெஷினில் ஓட்டினேன். துளி நச்சு இல்லை. போன வாரம் பக்கத்துப் பண்ணைச் சிப்பியில் நிறைய இருந்ததே?

மாலையில் முடிவு கேட்க வந்தவர், சோதித்தது போக மீந்த சிப்பியையும் கேட்டார்.

"வீட்டுல பிள்ளைங்களுக்குச் சம்பல் வைக்கலாம்."

கொடுக்கவில்லை. முடிவுத் தாளில் கையெழுத்தும் போடவில்லை.

கடல் நிறையச் சிப்பி வளர்ப்பவர், வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்த ஒரு பிடியைத் தேடுகிறார்?