எழுப்பிவிட்ட பந்தி

வீட்டு விசேஷத்துக்கென்று மருமகள் இன்று தையல் இலைக் கட்டு ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் அவிழ்த்தாள். காய்ந்த இலையில் தண்ணீர் தெளித்ததும் வந்த வாசனைக்கு நான் எழுந்து வெளியே திண்ணைக்குப் போய்விட்டேன். "என்னாச்சு மாமா?" என்றாள். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். சாக்குச் சொல்வதில் நான் இன்னும் கெட்டிக்காரன்தான். உனக்குத் தெரியாததா?

அறுபதுகளின் கடைசி. இராயக்கோட்டைப் பக்கத்து அந்தச் சின்ன வேதக்கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் நீ, எதிரே இருந்த மிஷன் பள்ளியில் நான் வாத்தியார். சபையில் இருந்தவை எட்டுக் குடும்பங்கள். அந்த எட்டும் ஒன்றுக்கொன்று சொந்தம். "நாமளே பாடி நாமளே கேட்டுக்கிட்டு இருக்கறம். இதுக்கு எதுக்குப்பா மணி அடிக்கறது?" என்பாய். நான் சிரிப்பேன். நீ சிரிக்கமாட்டாய்.

குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்கு மூன்று வருஷம் நடந்தாய். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு என்று தெரிந்ததும் நீயும் தட்டுத்தடுமாறிப் படித்தாய். உன் தெலுங்கைக் கேட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் உனக்குப் பாயில் இடம் கிடைத்தது. ஆனாலும் கோயில் வாசல்வரை யாரும் வரவில்லை. கடைசியில் அறுப்புப் பண்டிகையன்று சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு அழைத்தாய். அழைக்கப் போன அன்று மட்டும் நானும் உன்கூட வந்திருந்தேன். அங்கே மூத்தவர் முனியப்பா உன்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "வந்தா எங்க உக்கார வெப்பீங்க ஐயா?"

"மொதப் பந்தியில. எம் பக்கத்துல" என்றாய்.

வந்தார்கள். துவைத்துக் கட்டிய துணியும், காணிக்கைக்கு ஒரு பெரிய பூசணிக்காயுமாக, பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். நீ முதல் வரிசையில் உட்காரவைத்து, உன் கையாலேயே தையல் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, குழம்பு வாளி எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனாய்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் வந்து பந்தலடியில் நின்றார். அவரை அழைத்தது நான். கோயிலுக்குத் தண்ணீர் அவர் கிணற்றிலிருந்துதான் வந்தது. எல்லோரையும் கூப்பிடு என்று நீதானே சொன்னாய் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. வரிசையில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அவர்கள் அத்தனை பேரும் அவர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. முனியப்பாவிடம் குனிந்து, "கொஞ்சம் எந்திரிங்க, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்றேன்.

இலை முன்னால் உட்கார்ந்தவனை, பகையாளியாக இருந்தாலும், நம் பக்கத்தில் யாரும் எழுப்பமாட்டார்கள். நான் எழுப்பினேன். எழுப்பியதோடு நிற்காமல், நீ போட்ட இலைகளை மடித்து எடுத்துவிட்டுப் புதிதாகவும் போட்டேன். என்ன புத்தி அது என்று இத்தனை வருஷமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ வாளியோடு வந்தபோது அவர்கள் கேட்டைத் தாண்டிவிட்டார்கள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் அந்த வெயிலில் பின்னாலேயே ஓடினாய். அன்று நீ சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் தினம் சாயங்காலம் போனாய். "வர்றம் ஐயா, வர்றம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்களாம். பாய் விரிக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் என்னிடம் வந்தாய். "நான் போயி பிரயோஜனமில்லப்பா. எழுப்புனவன் நீ. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு."

பரீட்சை என்றேன். அடுத்த முறை மழை என்றேன். அதற்கடுத்த முறை நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "உங் கால்ல வேணும்னாலும் விழறன். அவங்க இனி வராமயே போனா, நான் மூணு வருஷமா பொய் சொன்னவன் ஆயிடுவன்." நீ அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு வந்தது கோபம். கையை உதறிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

ஆடியில் உனக்கு மஞ்சள்காமாலை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பேச்சு நிற்கும் முன் என்னைப் பார்த்து, "போனியா?" என்றாய். நாளைக்கு என்றேன். மறுநாள் உன் பெட்டியைத்தான் தூக்கினேன்.

உன்னைப் புதைக்கும்போது காலனி ஆட்கள் வந்து கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றார்கள். ஓடிப்போய், "உள்ள வாங்க, வந்து மண்ணு போடுங்க" என்று கூப்பிட்டேன். முனியப்பா தலையை ஆட்டினார். "வேணாங்க வாத்தியாரே. நடுவுல யாராச்சும் வந்தா எந்திரிச்சுப் போவணும்." துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்த மண்ணை என் இரண்டு கையிலும் கொட்டினார். அவர்கள் வீட்டு மண். "அவரு எங்க ஊட்டுல உக்காந்த எடம். நீங்களே போட்டுடுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் சபையார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்து அந்த மண்ணை உன்மேல் போட்டேன்.

முனியப்பா போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் பிழைப்புத் தேடி ஓசூர், பெங்களூர் என்று சிதறிவிட்டார்கள். பல வருஷம் கழித்து நான் தேடிப்போனபோது அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. தப்பு என்னுடையது என்கிற அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கு உன்னிடம் எழுதுகிறேன். ஆனால் நீ என்னைச் சொல்லச் சொன்னது உன்னிடம் இல்லையே.