வால் முளைத்த பவர் சப்ளை

மார்ச் 3, செவ்வாய்

கம்ப்யூட்டரின் பவர் சப்ளை போய்விட்டது. தொண்டைக்கு ஓய்வு, மனதுக்கு இல்லை. சட்டம் படிக்கும் அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாது. பாடங்களை நான் வாசித்துப் பதிவு செய்து அனுப்பித்தான் படிக்கிறாள். கடைசி நான்கு பாடங்கள் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. மாதக் கடைசியில் அவளுக்குத் தேர்வு.

சர்வீஸ் சென்டரில் பவர் சப்ளை பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதில் கழற்றி மாட்டும் வயர்களை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 6, வெள்ளி

மாற்றுப் பெட்டி வந்தது. பழையதைவிட எடை குறைவு. பெயர் அதேதான், கடைசியில் மட்டும் ஓர் எழுத்து, வால் மாதிரி. வயர் வரவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, இவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"அதே மாடல்தான் மேடம். பழைய வயரையே மாட்டிக்குங்க."

நாளை பார்க்கலாம்.

மார்ச் 7, சனி

போச்சு.

நான் வெளியே போயிருந்தபோது இவர் வயர்களை மாட்டி சுவிட்சைப் போட்டிருக்கிறார். வந்ததும் நான் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று. கச்சிதமாகப் பொருந்தியதாம். வீடெல்லாம் கருகல் வாசனை. ஹார்ட் டிஸ்க் போயே போய்விட்டது.

திட்ட வாயைத் திறந்தேன். இவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். போனில் அவர்கள் சொன்னதைத்தானே செய்தார்?

நகல் எடுக்கவில்லையா என்று இனி யாராவது கேட்டால் கடித்துவிடுவேன்.

மார்ச் 9, திங்கள்

சர்வீஸ் சென்டரில் சோதனைக்கு வைத்திருக்கும் பெட்டியும் என் பழைய மாடல்தான். புதியதை அதன் பக்கத்தில் வைத்து அளந்து காட்டச் சொல்லி நின்றேன். டெக்னீஷியன் முனகிக்கொண்டே அளந்தான். இரண்டிலும் துளைகள் ஒரே மாதிரி. ஆனால் பழையதில் ஐந்து வோல்ட் வரும் துளையில் புதியதில் பன்னிரண்டு வருகிறது.

"அதனாலதான் பழைய வயரப் போடக்கூடாது மேடம்."

"போடச் சொன்னதே நீங்கதானே?"

"நாங்க அப்படிச் சொல்ல மாட்டோமே" என்றார் மேனேஜர். "மாட்டினது உங்க வீட்டுக்காரர்தானே?"

வீட்டுக்காரராம். அந்த மனுஷன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. பண்றதையும் பண்ணிட்டு, பழியத் தூக்கி அவர் தலையில போடறாங்க — வாய் கூசாதா?

மார்ச் 10, செவ்வாய்

சட்டம் படிக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன்.

"எழுதிக் குடுத்தாங்களா அக்கா, வாயால சொன்னாங்களா?"

"போன்ல."

"உங்க போன்தான் எல்லாப் பேச்சையும் பதிவு பண்ணுமே."

கோபத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. குரலைப் பதிவு செய்துதான் பிழைக்கிறேன்! கம்பெனிக்கான புகாரை அவளே சொல்லச் சொல்ல எழுதி, போன் பதிவையும் சேர்த்து அனுப்பினேன். அவள் எங்கும் தடுமாறவில்லை.

"நீங்க வாசிச்ச நுகர்வோர் சட்டம்தான் அக்கா."

மார்ச் 16, திங்கள்

நான்கு பாடங்களையும் முதலிலிருந்து வாசித்து, போனிலேயே பதிவு செய்கிறேன். இவர் மின்விசிறியை அணைத்துவிட்டு, யாரும் மணி அடிக்காதபடி வாசலில் காவல்.

மார்ச் 24, செவ்வாய்

வாசித்து முடித்து அனுப்பிவிட்டேன். தொண்டை புண்.

கம்பெனி சரியான வயர்களும் புது ஹார்ட் டிஸ்க்கும் தருவதாக எழுதியிருந்தது. வாங்கப் போனபோது அவளும் கூட வந்தாள். மேனேஜர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கவுண்டர் கண்ணாடியில் பெரிய எழுத்தில் புதிதாக ஒரு தாள்.

"என்ன போட்டிருக்கு அக்கா?"

வாசித்தேன். "மாற்றுப் பெட்டியில் பழைய வயர்களை மாட்ட வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இணைப்பு வேறு."

"சரியாக் கேக்கல" என்றாள். "கொஞ்சம் சத்தமா வாசிங்க."