பங்கருக்குள் பழுத்த இலை

அப்பா,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு ஆசிரியர் விடியுமுன் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போகிறார். அங்கிருந்து கனடாவுக்குத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்றார். ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெய் கொஞ்சந்தான். என் விரல்களில் உங்கள் சட்டை மணம் இருக்கிறது. கழுவியும் போகவில்லை.

நீங்கள் பதுங்குகுழிப் பங்கருக்குள் விட்டுப்போன புகையிலைச் சிப்பம் உக்கி மண்ணாகவில்லை அப்பா.

உங்களுக்கென்றே தெரிந்தெடுத்துக் கட்டிய இலை அது. "சந்தைக்குப் போறது சனத்துக்கு, இது எனக்கு" என்று சுருட்டுக் கொட்டிலில் ஒருவரையும் தொடவிடமாட்டீர்கள். அன்றைக்குக் குண்டுபோடும் பொம்மர் வானத்தில் சுற்றியபோது, பங்கர் நிலம் ஈரமென்று என் பிள்ளை இருக்க மறுத்து அழுதாள். சளி பிடிக்கப்போகிறதென்று நான் புலம்ப, நீங்கள் வெளியே ஓடி அந்தச் சிப்பத்தையே தூக்கிவந்து, உரப்பையால் சுற்றிப் போட்டு, அவளை மேலே இருத்தினீர்கள். அவள் தும்மினாள். "மேலை பொம்மர், கீழை புகையிலை. பிள்ளை எதுக்கெண்டு பயப்பிடும்" என்றீர்கள். குண்டுச் சத்தத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கனடாவிலிருந்து அண்ணை கூப்பிட்டு நீங்கள் புறப்பட்டபோது, "உந்தச் சிப்பத்தை வாழையடியிலை தாட்டுவிடு பிள்ளை, எருவாப் போயிருக்கும்" என்றீர்கள். "வாறன்" என்றும் சொன்னீர்கள். இப்போது வரும் கடிதங்களில் பனியைப் பற்றி எழுதுகிறீர்கள். வருவதைப் பற்றி எழுதுவதில்லை.

மாரி மழைக்கு முன்னர் இன்று பங்கரைத் துப்புரவாக்கினோம். இவர் சிப்பத்தை வாழையடிக்கு இழுத்துவந்து பிரித்தார். மேலிலையெல்லாம் பூஞ்சணம். உள்ளே கைவிட்டவர் ஓர் இலையை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவிலிருந்த இலைகள் பனங்கட்டி நிறத்தில், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கின. மணம் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும். உங்கள் கொட்டிலில் சுருட்டுச் சுற்றிய கந்தையா அண்ணை ஒழுங்கை வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"இதை எங்கை பிள்ளை வைச்சிருந்தனீ?"

"பங்கருக்குள்ளை. மகள் படுக்கிறது இதுக்கு மேலைதான். பொம்மர் வந்தால் அயலட்டைச் சனம் எல்லாரும் ஏறி இருப்பினம்."

"அப்ப ஊரே குந்தியிருந்து பழுக்க வைச்சிருக்கு."

அவ்விடத்திலேயே இரண்டைச் சுற்றி, ஒன்றை அடுப்புக் கொள்ளியால் பற்றவைத்தார். இவர் ஓர் இழுப்பு இழுத்து, இருமி, வாழையைப் பிடித்தபடி இருந்துவிட்டார். "மருமோனுக்குத் தேத்தண்ணி வை" என்றார் கந்தையா அண்ணை. எப்படியிருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். இவருடைய இருமலையா எழுதி அனுப்புவது? நானே சுருட்டை வாங்கி இழுத்தேன். பட்டம் பெற்ற உங்கள் மகள் வாழைத் தோட்டத்துக்குள் சுருட்டும் கையுமாக நின்றாள்.

முதலில் நுனிநாக்கில் கசந்தது. பிறகு மிளகு போலத் தொண்டைக்குள் ஒரு சூடு. காது மடல்வரை ஏறியது. விட்டுவிடலாமென்று நினைத்தபோதுதான், அடியிலிருந்து ஓர் இனிப்பு மெல்ல வந்தது, வறுத்த கோப்பியும் பனங்கட்டியும் மழை நனைத்த செம்மண்ணும் சேர்ந்தாற்போல. கனமான புகை, வாயைவிட்டுப் போக மனமில்லாமல் நின்றது. சாம்பல் வெள்ளையாக, விழாமல் நீண்டுகொண்டே போனது. இவ்வளவு காலமும் இதையா அப்பா நீங்கள் தனியே அனுபவித்தீர்கள்?

மணத்துக்கு ஓடிவந்த பிள்ளை, "அம்மப்பா வந்திட்டாரோ?" என்று கேட்டாள்.

நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். கந்தையா அண்ணைதான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "காத்துப் பட்டிட்டுது பிள்ளை. விட்டால் இலை காஞ்சு பொரிஞ்சு போகும். ஐயா வாறதெண்டால் ஈரச்சாக்காலை மூடித் திருப்பி உள்ளை வைப்பம். வராட்டில் முழுக்கச் சுருட்டாச் சுத்தி, கொழும்புக்குப் போற ஆக்களிட்டைக் குடுத்து அனுப்புவம்."

மற்றச் சுருட்டை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். கடலில் நனையாமல் அவரும் அதுவும் கரை சேரவேண்டும். இலையை இப்போதைக்கு ஈரச்சாக்கால் மூடியிருக்கிறேன், கனநாள் தாங்காதாம். சுற்றச் சொல்லவா, வைக்கவா? கெதியாகப் பதில் போடுங்கோ அப்பா.