கடல் பக்கத்துப் படிகள்

என் பிரியமான முணுமுணுப்புக்காரிக்கு,

வீடு முடிந்த மாதிரிதான். நீ கேட்ட அகலத்தில் சமையலறை ஜன்னல் வைத்தாயிற்று. விடிந்ததும் வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வந்துவிடுகிறது.

உன் முட்டிவலிக்காகக் கடல் பக்க வாசலுக்கு மூன்றே படி என்று வரைந்தோம் அல்லவா? இப்போது ஏழு ஆகிவிட்டது. பயப்படாதே, பிடித்து இறங்கக் கம்பி போட்டிருக்கிறேன். மணல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அது இறங்க இறங்க மேஸ்திரி அடியில் ஒரு படி சேர்க்கிறார்.

"கடல் மடியிலயே போய் உக்காரணுமா? நூறடி தள்ளிக் கட்டலாமே" என்று மனை பார்த்த அன்றே நீ சொன்னாய். படுத்தால் அலைச் சத்தம் கேட்க வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். நன்றாகவே கேட்கிறது. கட்டிலும் லேசாக அதிர்கிறது.

பக்கத்து வீட்டு டாக்டர் போன வாரம் கதவு, ஜன்னல்களை எல்லாம் கழற்றி லாரியில் ஏற்றினார். "மராமத்து வேலைங்களா?" என்று கேட்டேன். என் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

இன்று காலை எட்டாவது படிக்கு அளவெடுக்க இறங்கிய மேஸ்திரி, அஸ்திவாரத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். தோள் வரைக்கும் உள்ளே போனது.

"படி எத்தனை வேணாலும் கட்டிக் குடுக்கறேன் சார். வீடு எது மேல நிக்குதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

அதெல்லாம் கிடக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் எழுது. நாம் விற்ற வீட்டின் சாவியை, வாங்கியவரிடம் கொடுத்துவிட்டாயா?

உன் பிடிவாதக்காரன்