மேடேறிய வீடு

மார்ச் 3

அடுப்படியில் மறுபடியும் உப்புத் தண்ணீர். தரைப்பலகை ஊறி உப்பிவிட்டது. மார்ச் மாதத்து அலையே இப்படியென்றால் ஜூனில் குளிர்காலப் புயல் வந்தால் வீடு நிற்குமா?

ரெய்னேரியோ சிரிக்கிறார். "மீனு வீடு தேடி வருது எடெல்மிரா, வலை மிச்சம்." கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டுதான்.

நாத்தனார் மேட்டில் இடம் தருகிறாளாம். மரவீடுதானே, அப்படியே இழுத்துப்போய் அங்கே வைத்துவிடலாம். ஊரும் பத்து ஜோடி மாடும் வந்தால் ஒரு பகல் வேலை.

மார்ச் 9

மகள் யாஸ்னா போனில் யோசனை சொன்னாள். "வீடு வீடா ஏறி எறங்காதம்மா. கூப்பிடறதைப் போன்லயே பேசி அனுப்பிடு, ஒரே தட்டுல எல்லாருக்கும் போயிடும்." ஏப்ரல் 11, சனிக்கிழமை, வாருங்கள் என்று பேசி அனுப்பினேன். எவ்வளவு சுலபம்!

மார்ச் 12

நான் பேசி அனுப்பியதை எல்லோரும் கேட்டுவிட்டதாகப் போன் காட்டுகிறது. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 15

ஞாயிறு பூசை முடிந்து மாதாகோயில் வாசலில் எல்லோரும் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். என் வீட்டைப் பற்றி மூச்சில்லை. கடைசியில் கடைக்காரி ரோமிலியாதான் வாயைத் திறந்தாள்.

"வீடு இழுக்கக் கூப்பிடறவங்க வாசல்ல வந்து நிக்கணும். சொந்த வாயால கெஞ்சணும். நீங்க என்னமோ கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி விட்ட மாதிரி இல்ல இருக்கு!"

முகம் எரிந்தது. அவள் சொன்னதில் என்ன தப்பு? இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? புத்தி எங்கே போயிற்று?

மார்ச் 18

வாசல் வாசலாக நின்றேன். வீட்டுக்கு ஒரு கோப்பை ஆப்பிள் கள். வேண்டாமென்றால் கோபம் வேறு. சாயங்காலம் எந்தக் காலை எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. ஆனால் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை!

எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எலிசெயோ வர்றாரா?" மேட்டுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் அவர் மாடுகள் முன்னால் போனால்தான் மற்ற மாடுகள் ஏறும்.

மார்ச் 19

போகமாட்டேன். செத்தாலும் அந்த ஆள் வாசலில் போய் நிற்கமாட்டேன்.

மார்ச் 22

போனேன்.

அவருடைய பன்றிகள் என் கிழங்குத் தோட்டத்தை உழுதுபோட்ட நாளிலிருந்து அவர் காசாவுக்கும் எங்கள் காசாவுக்கும் பேச்சில்லை. எங்கள் பாஷையில் வீட்டுக்குக் காசா என்று பெயர்; அது பலகையும் ஆணியும் மட்டுமா? பெண்டாட்டி, பிள்ளை, நாய் வரைக்கும் அதில் சேர்த்தி. எங்கள் நாய்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

எலிசெயோ மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"பன்னியோட அண்ணன்கிட்ட உங்களுக்கென்ன வேலை?" அன்றைக்கு ஊர் கேட்க நான் அவரை அப்படித் திட்டியிருந்தேன். ஒரு எழுத்து மறக்கவில்லை மனுஷன்!

"பன்னி சமாச்சாரம் இருக்கட்டும். மாட்டுக்குச் சொந்தக்காரரைப் பாக்க வந்தேன்."

"போன்ல கூப்பிட்டீங்களே, அந்தப் போனே வந்து இழுக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பிவிடலாமா? ஈரப்பலகை நினைவுக்கு வந்தது. "அதுக்கு இழுக்கத் தெரியல எலிசெயோ ஐயா. வீடு கடலோட போயிடும். என் வீட்டைக் காப்பாத்திக் குடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம். "கேட்டுட்டாங்கல்ல, இன்னும் என்ன முறுக்கு? உள்ள கூப்பிடுய்யா!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை, நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது.

ஏப்ரல் 12

வீடு மேட்டில் நிற்கிறது! எழுத்து கோணல், இருக்கட்டும்.

நேற்றுக் காலை கதவு ஜன்னலையெல்லாம் கழற்றி, அடியில் இரண்டு பெரிய மரங்களைக் கொடுத்துக் கட்டி, மாடுகளைப் பூட்டினார்கள். புல்வெளியில் வீடு ஜோராகப் போனது. ஏற்றத்தில் கயிறு அறுந்தது. வீடு பின்னால் ஒரு முழம் வழுக்கிச் சாய்ந்தது பார் — ஐயோ போச்சே, எல்லாம் போச்சேன்னு கத்தினேன். ரெய்னேரியோகூடச் சிரிக்கவில்லை.

அடியில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். எலிசெயோ புதுக் கயிறு கட்டி, மாட்டின் காதில் என்னவோ சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு அதட்டல்: "எழவுக்கா வந்திருக்கீங்க? கத்துங்கய்யா!" ஊரே கத்தியது. வீடு முனகியது, நகர்ந்தது, ஏறிவிட்டது. ரோமிலியா என்னைக் கட்டிக்கொண்டாள்.

விருந்தில் சிப்பியும் கறியும் கிழங்கப்பமும் ஒரு துண்டு மிச்சமில்லை. எலிசெயோ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 15

ராத்திரி பெரிய புயலாம். நான் தூங்கிவிட்டேன்.

காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது எலிசெயோ வாசலில் நின்று கத்தினார். "எடெல்மிரா! உங்க பழைய இடத்துல இடுப்பளவு தண்ணி! ஓடி வந்து பாருங்க!"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். "நீங்க உள்ள வாங்க, ரொட்டி வேகப்போகுது."