கதவு திறக்காத விமானம் குறித்த நேரத்தில் வந்துசேர்ந்ததாகப் பதிவானது பற்றி

அனுப்புநர்:
காலஞ்சென்ற நீர்வழங்கல் துறைத் தலைமைப் பொறியாளரின் மனைவி,
மூன்றாம் மாடி, தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
விமானப் பயணிகள் குறைதீர் அலுவலர் அவர்கள்,
விமானப் போக்குவரத்துத் துறை.

பொருள்: விமானப் பணியாளர் வேலைநிறுத்தம் – முதல் நாள் காலை விமானம் – "குறித்த நேரத்தில் வந்துசேர்ந்தது" என்ற பதிவைத் திருத்தி, உண்மை நிலையை என் தங்கைக்குத் தெரிவிக்கக் கோருதல் – பணம் எதுவும் கோரவில்லை – தொடர்பாக.

பார்வை: நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதங்கள் இரண்டு, நிறுவனம் எனக்கு எழுதிய பதில் ஒன்று.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தங்கள் பதவியில் இருப்பவர் யார் என்று அறியத் தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "சார் லீவு" என்றார் ஒருவர். மறுநாள் கேட்டபோது, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்றார் இன்னொருவர். ஆகவே இருவரையும் விளித்திருக்கிறேன். எவர் படித்தாலும் முழுவதும் படிக்கும்படி வேண்டுகிறேன்.

1. எனக்கு எழுபத்தொரு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே தாமதமாக வந்தவளிடம் காரணம் கேட்கமாட்டார்கள். வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்வார்கள். அதனால் எங்கும் தாமதமாகப் போய் எனக்குப் பழக்கமில்லை. காரணம் சொல்லியும் பழக்கமில்லை. இந்த மனுவில் காரணம் சொல்ல வேண்டியிருப்பதால் சொற்கள் சற்றுக் கூடும். பொறுத்துக்கொள்ளவும்.

2. என் ஒரே தங்கை வேறு நகரில் வசிக்கிறாள். என்னைப் போலவே கணவரை இழந்தவள். அறுபத்து மூன்று வயதில், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரை மறுமணம் செய்துகொள்ள முடிவுசெய்தாள். அந்த முடிவை நான் எதிர்த்தேன். முதுகுக்குப் பின்னால் அல்ல. இருவரையும் எதிரே உட்காரவைத்து எதிர்த்தேன். அந்த மனிதர் தம் நகைச்சுவைக்குத் தாமே முதலில் சிரிக்கிறார். ஊரார் நிலத்தையெல்லாம் நேர்கோட்டில் அளந்து பிழைத்தவர், செருப்பை மட்டும் திசைக்கொன்றாகக் கழற்றிப் போடுகிறார். இவ்விரு கருத்துகளிலும் இன்றுவரை எனக்கு மாற்றமில்லை.

3. ஆயினும், பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட என் தங்கை என்னைத்தான் அழைத்தாள். "அக்கா, நம்ம வீட்டாளுன்னு ஒருத்தர்கூட இல்லாம நான் அங்க போய் நிக்க மாட்டேன். நீ வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள். வருகிறேன் என்றேன். பிடித்திருப்பது வேறு, வருவது வேறு. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் வந்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். பதிவாளர் கொடுத்த நேரம் ஒரு வியாழக்கிழமை நண்பகல். காலைச் சிற்றுண்டி நேரத்திலேயே தரையிறங்கும் விமானத்தில் சீட்டு வாங்கினேன்.

4. முந்தைய நாள் மாலை, விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகச் செய்தி வந்தது. உடனே நிறுவனத்தைக் கேட்டேன். "எல்லா ஃப்ளைட்டும் வழக்கம்போல கிளம்பும் மேடம். மாற்று ஏற்பாடு பண்ணிட்டோம்" என்றார்கள். அந்த ஏற்பாட்டை மறுநாள் விமான வாசலில் நேரில் கண்டேன். பொத்தான் போட இடம்கொடாத சீருடைக் கோட்டுடன் ஒரு மேலாளர் நின்றார். பயணச்சீட்டுக்கு விலை வைக்கும் பிரிவைச் சேர்ந்தவராம். உடன் வந்த பெண்மணி, தொலைந்த பெட்டிகள் பிரிவு. இரண்டு நாள் பயிற்சி பெற்றிருப்பதாக மேலாளர் தாமாகவே சொன்னார். அவருடைய தோரணையைப் பார்த்தால் இரண்டாம் நாள் தேவைப்படவில்லை என்றே தோன்றியது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: பறந்த நேரத்தில் எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் வந்தது. தொலைந்த பெட்டிகள் பிரிவுப் பெண்மணி, நாங்கள் எதுவும் கேட்கும் முன்பே ஒவ்வொரு வரிசையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். தொழில் பழக்கம் போலும்.

5. விமானம் நேரத்துக்குத் தரையிறங்கி, தன் இடத்தில் வந்து நின்றது. இனி நடந்ததே இந்த மனுவுக்குக் காரணம். விமானக் கதவு ஒவ்வொன்றினுள்ளும் அவசர காலத்தில் பயணிகள் இறங்க ஒரு சறுக்கு மடித்து வைக்கப்பட்டிருக்குமாம். பறக்கும்போது அது கதவோடு பிணைக்கப்பட்டிருக்கும். விமானம் நின்றதும் முதலில் அந்தப் பிணைப்பை விடுவித்து, அதன் பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். விலை வைக்கும் பிரிவு மேலாளர் நேராக முன்கதவைத் திறந்தார்.

பெரும் சத்தத்துடன் சறுக்கு பீறிட்டு வெளியே பாய்ந்து, ஒரு சிறிய வீடு அளவுக்கு ஊதியது. கீழே ஏணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்த ஓட்டுநர் வண்டியை விட்டுக் குதித்து ஓடினார். மேலாளர் எங்களை நோக்கித் திரும்பி, "ஒண்ணுமில்ல, இது நார்மல்தான், யாரும் பயப்படாதீங்க" என்றார்.

"நார்மலா? அப்ப தினமும் இப்படிச் சறுக்கித்தான் இறங்குவீங்களா?" என்று கேட்டார் என் பக்கத்து இருக்கைச் சிமெண்ட் வியாபாரி.

சறுக்கி இறங்கவும் நான் ஆயத்தமாகவே இருந்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தும் விட்டேன். ஆனால் அது ஏணி வண்டியின் மேல் விழுந்து கோணிக்கொண்டு கிடந்தது. "உக்காருங்க ஆன்ட்டி, அஞ்சே நிமிஷம்" என்றார் மேலாளர். என் தங்கைக்குப் பிள்ளை ஒருவன்தான், அவனும் வெளிநாட்டில் இருக்கிறான், இவர் அவனல்ல என்று தெளிவுபடுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

6. மற்றக் கதவுகளைத் திறக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். நாங்களும் கேட்டோம். தொலைந்த பெட்டிகள் பிரிவுப் பெண்மணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொடவே மாட்டேன் சார்" என்றார். இத்தனை மணி நேரத்தில் அவர் மன்னிப்புக் கேட்காமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அன்றைக்கு அந்த விமானத்தில் எடுக்கப்பட்ட ஒரே அறிவுள்ள முடிவும் அதுதான். விமானி ஒருமுறை தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, மேலிடத்தைக் கேட்பதாகச் சொல்லி உள்ளே போனார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: முறையான பயிற்சி பெற்ற பணியாளர் வரும்வரை எந்தக் கதவையும், உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ, எவரும் தொடக்கூடாது.

அருமையான உத்தரவு. அந்த நகரில் முறையான பயிற்சி பெற்ற பணியாளர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைச் சிமெண்ட் வியாபாரியின் ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். வேலிக்கு அப்பால், கையில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று கோஷமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

7. காத்திருந்த நேரத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. விமானத்தினுள் புழுங்கியது. பின்வரிசையிலிருந்து, "யப்பா, பெட்டியை இறக்கறதுக்கு முன்னாடி எங்களை இறக்குங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கீழே பெட்டிகள் எல்லாம் இறங்கிப் போய்விட்டன என்பதும் உண்மை. என் பெட்டி என்னைவிட முன்னதாகவே ஊருக்குள் நுழைந்தது.

தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். விமானம் வந்துவிட்டது, இறங்கத்தான் கதவு திறக்கவில்லை என்று சொன்னேன். பதிவு அலுவலக வராந்தாவில் நின்றிருந்தாள். "சரி அக்கா" என்றாள். அந்தச் "சரி"யை எனக்கு அவள் ஐந்து வயதிலிருந்து தெரியும். இருந்தும் நான் மேலே விளக்கவில்லை. ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

8. நண்பகலும் கடந்த பிறகு, வேறு வழியின்றி நிறுவனத்தார் வேலியருகே சென்று, போராட்டக்காரர்களில் ஒருவரைக் கெஞ்சி அழைத்து வந்தார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிய பெண். பின்கதவை வெளியிலிருந்து முறைப்படி திறந்து உள்ளே வந்தார். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. மேலாளரைப் பார்த்ததும் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"வாசல்ல நின்னு சிரிக்கிற வேலைக்கு இவ்ளோ சம்பளமான்னு போன வாரப் பேச்சுவார்த்தையில கேட்டீங்களே சார். வாசலை நீங்களே தொறந்துக்க வேண்டியதுதானே?"

மேலாளர், இதற்குத் தனியாக ஏதாவது தரச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தார். "வேணாம் சார். ப்ளேன் நின்னதுக்கப்புறம் செய்யற வேலைக்கு நீங்க என்னைக்குக் காசு கொடுத்தீங்க?" என்றார் அந்தப் பெண்.

அவருடைய மரியாதை இன்னும் மேம்படலாம் என்பது என் கருத்து. ஆனால் இறங்கும்போது விசாரித்ததில், அவர்களுடைய வேலைநிறுத்தமே இதற்காகத்தான் என்று தெரிந்தது. விமானம் நின்று பிரேக் போட்ட கணத்தோடு அவர்களுடைய சம்பளக் கடிகாரமும் நின்றுவிடுகிறதாம். அதன் பிறகு கதவைத் திறப்பது, நடக்க முடியாதவரைக் கைப்பிடித்து இறக்குவது, தூங்கும் குழந்தையைத் தாயிடம் கொடுப்பது எல்லாம் நிறுவனத்தின் கணக்கில் வேலையே அல்ல.

9. பதிவு அலுவலகத்தை நான் அடைந்தபோது, "பொண்ணு பக்கத்துல யாரும் வரலைன்னு அந்தம்மா போயிட்டாங்களே" என்றார் எழுத்தர். தங்கை வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், சாப்பாடு போட்டாள். பிறகு தன் கைப்பேசியை என் முன் வைத்தாள். அதில் நிறுவனத்தின் அறிவிப்பு: என் விமானம் வந்துசேர்ந்தது, குறித்த நேரத்தில். அதன் கீழே இன்னொன்று: வேலைநிறுத்தத்தால் எந்தச் சேவையும் பாதிக்கப்படவில்லை.

"அக்கா, நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. இந்த வயசுல எனக்காக ஆரம்பிக்காதே" என்றாள்.

சிமெண்ட் வியாபாரி அந்தச் சறுக்கைப் படம் எடுத்திருந்தார். அவருடைய எண்ணும் என்னிடம் உண்டு. ஆனால் என் சொல்லுக்குச் சாட்சியாக ஒரு சிமெண்ட் வியாபாரியின் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துக் காட்டும் நிலைக்கு நான் வரவில்லை. மாலை ரயிலில் திரும்பிவிட்டேன்.

10. நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "அன்புள்ள திரு. பயணி அவர்களே" என்று தொடங்கிப் பதில் வந்தது. விமானம் நின்று பிரேக் போடப்பட்ட நேரமே வந்துசேர்ந்த நேரம் என்றும், அதன்படி விமானம் சற்று முன்னதாகவே வந்துவிட்டது என்றும், தாமதம் எதுவும் நிகழாத நிலையில் நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு பயணக் கூப்பன் இணைத்திருப்பதாகவும் தெரிவித்தார்கள். நிகழாத தாமதத்துக்கு நல்லெண்ணம் காட்டும் நிறுவனத்தை நான் இதுவரை கண்டதில்லை.

நிறுவனத்தின் நேர்மையின்மேல் எனக்குச் சந்தேகமில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். அவர்களிடம் இருப்பது ஒரே கடிகாரம். பணியாளருக்கும் பயணிக்கும் பாரபட்சமின்றி அதைப் பயன்படுத்துகிறார்கள். பிரேக் போட்டதும் பணியாளருக்கு வேலை முடிந்தது. எனக்குப் பயணம் முடிந்தது. பிறகு உள்ளே இருந்தவர்கள் எங்கேயும் இல்லை.

11. நிலைமை இப்போது இதுதான். நான் வேண்டுமென்றே வரவில்லை என்று என் தங்கை முடிவுகட்டிவிட்டாள். அக்காவின் மனம் நோக எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம், இத்தோடு விட்டுவிடலாம் என்று அந்த நில அளவையாளரிடம் சொல்லிவிட்டாள். பதிவாளரிடம் கொடுத்த அறிவிப்பு இம்மாதக் கடைசியில் காலாவதியாகிறது. நான் வாயால் எதிர்த்தபோது துளியும் அசையாத திருமணம், நான் ஒப்புக்கொண்டு கிளம்பி வந்தபின் நின்றுகிடக்கிறது. நான் எதிர்த்த திருமணத்தை நிறுத்த வேண்டுமானால் நானே நிறுத்திக்கொள்வேன். ஒரு விமான நிறுவனம் எனக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை.

12. இதையெல்லாம் எனக்குத் தெரிவித்தவர் அந்த நில அளவையாளரே. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கதவு விஷயத்தை நம்புகிறீர்களா என்று கேட்டேன்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? கல்யாணத்தை நிறுத்தணும்னா நீங்க நேரத்துக்கு வந்து, பதிவாளர் முன்னாடியே நிறுத்தியிருப்பீங்க. ஒளிஞ்சு உக்கார்ற ஆளா நீங்க?" என்றார். சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார்.

இந்த ஒரு விஷயத்தில் அவருடைய அளவை சரி.

13. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து:

(அ) கதவு திறந்து பயணி இறங்கிய நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று நிறுவனத்தின் பதிவைத் திருத்தச் செய்யவும். கதவைத் திறப்பதும் வேலைதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

(ஆ) அன்று நண்பகல் கடந்தும் அந்த விமானத்தில் பயணிகள் இறங்க ஒரு கதவும் திறக்கப்படவில்லை என்பதை ஒரு கடிதமாக, அலுவலக முத்திரையுடன், இம்மாதக் கடைசிக்குள் அனுப்பவும். எனக்கு அல்ல; தனித்தாளில் முகவரி எழுதியிருக்கும் என் தங்கைக்கு. அதில் என் மனு பற்றிய குறிப்பு எதுவும் இருக்க வேண்டாம். அந்த விமானப் பயணிகளின் உறவினர் அனைவருக்கும் அரசு வழக்கமாக அனுப்பும் கடிதம் போல் இருந்தால் போதும்.

(இ) கூப்பனை இத்துடன் திருப்பியிருக்கிறேன். உரியவர்களிடம் சேர்க்கவும்.

14. நில அளவையாளர் என்னை நம்பும்போது, அவரே என் தங்கையிடம் எடுத்துச் சொல்லலாமே, அரசுக் கடிதம் எதற்கு என்று தங்களுக்குத் தோன்றலாம். அவரும் அதைத்தான் சொன்னார். "நான் பேசறேங்க, நான் சொன்னா கேப்பா" என்றார். நான் மறுத்துவிட்டேன். என் தங்கையிடம் எனக்காகப் பரிந்து பேசும் உரிமை ஒருவருக்கு வர வேண்டுமானால், அவர் முதலில் எங்கள் குடும்பத்துக்குள் வர வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும். அதைப் போடத்தான் நான் வந்துகொண்டிருந்தேன்.

கடிதம் காலத்தோடு போய்ச்சேர ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஏழாம் வரிசை, நடைபாதை ஓர இருக்கைப் பயணி

இணைப்பு: பயணக் கூப்பன், பயன்படுத்தப்படாதது – 1, தங்கையின் முகவரி – 1.